ஏழு சென்ட் ஏறிய பஞ்சமம்

என் கணவரின் அண்ணனை, மூத்தாரை, எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதுகூடக் கோயில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் மரியாதையாகச் சொல்வது. பிரான்சில் முப்பது வருடம் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வில்லியனூருக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் திரும்பி வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் எதுவுமே சரியில்லை என்று ஆகிவிட்டது. சாக்கடை சரியில்லை. ரொட்டி சரியில்லை. கரும்பு லாரி போகிற நேரம் சரியில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு வந்து, நாங்கள் பாடுவதும் சரியில்லை என்றார்.

கோயில் பாடகர் குழுவில் நான் பத்தொன்பது வருடம் முன்வரிசையில் நின்றவள். மொத்தம் பன்னிரண்டு பேர். கரும்பு வெட்டுகிறவர் இருக்கிறார், டவுன் துணிக்கடையில் நிற்கிற பெண் இருக்கிறாள், ரேஷன் கடைக்காரர் இருக்கிறார். ஒருவருக்கும் நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாது. ஒரு சுருதிப் பெட்டியும் ஒரு பழைய கீபோர்டும்தான் எங்கள் சொத்து. பெரிய வெள்ளிக்கிழமை அதுவும் கிடையாது. வியாழன் மாலைப் பூசையில் மணியடித்து 'உன்னதங்களிலே' பாடி முடித்தால், சனிக்கிழமை ஈஸ்டர் பாஸ்கா பூசையில் அதே பாட்டு வரும்வரை கோயிலில் மணி அடிக்கக்கூடாது, வாத்தியம் வாசிக்கக்கூடாது. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். சிலுவைப் பாட்டை யாராவது ஒருவர் வெறும் தொண்டையில் எடுக்கவேண்டும்.

அந்த ஒருவர் நான். கையில் ஒன்றும் இல்லாமல், காதில் எந்தச் சத்தமும் இல்லாமல், நான் எடுக்கிற முதல் சுரத்தில் எண்ணூறு பேர் வந்து உட்காருவார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஐம்பத்தோரு வாரமும் ஐந்து மணிக்கு எழுந்து கோயிலுக்குப் போனேன் என்று சொன்னால் சாமியார் கோபித்துக்கொள்வார். ஆனால் உண்மை அதுதான். மூத்தார் கைவைத்தது அதில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வேலையே காது. பக்கத்து மருத்துவமனையில் காது சோதனை அறையில் இருக்கிறேன். ஆளைப் பெட்டி மாதிரியான அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே இருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். கேட்டால் அவர்கள் பட்டனை அழுத்தவேண்டும். யாருக்குக் கேட்கிறது, யார் கேட்பதுபோல் நடிக்கிறார்கள், யார் பெண்டாட்டியின் பேச்சு மட்டும் கேட்காதவர் என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் தவக்காலம் தொடங்க ஒரு மாதம் இருந்தபோது மூத்தார் ஒரு புதுக் கீபோர்டையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார்.

"இந்தப் பழைய பொட்டி பொய் சொல்லுதும்மா," என்றார், எங்கள் கீபோர்டைத் தட்டி. "பஞ்சமம் ரெண்டு சென்ட்டு கம்மி. ஒங்க யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியாது. துணிக்கடைப் பெண் என் காதோரம், "இன்னாக்கா, நெலம் விக்கப் போறாரா?" என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். ச என்று ஒரு சுரம். மேல் ச அதைவிட இரண்டு மடங்கு வேகமாக அதிரும். நடுவில் ப, பஞ்சமம். ச இரண்டு முறை அதிர்கிற நேரத்தில் ப மூன்று முறை அதிரவேண்டும். அப்படி அதிர்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். இதை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. தம்பூராக்காரர் காதை வைத்துக் கேட்டு இழுத்துக் கட்டுவது இந்த இடத்தைத்தான். நாலு பேர் சேர்ந்து பாடினால் தொண்டை தானாகப் போய் நிற்பதும் இங்கேதான்.

மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் ச. மொட்டை மாடியில் மேல் ச. வழியில் சுவரில் ஒரு ஜன்னல், அது ப. ஜன்னலை நகர்த்த முடியாது. ஆனால் கொத்தனார் எல்லாப் படியும் ஒரே உயரத்தில்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பன்னிரண்டு படி கட்டினால் ஏழாவது படி ஜன்னலுக்கு மயிரிழை கீழே நிற்கும். சாதாரணக் கீபோர்டு அந்தப் பன்னிரண்டு படிதான். மயிரிழையை அளக்க ச முதல் மேல் ச வரை ஆயிரத்து இருநூறு சென்ட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் கீபோர்டில் ப இரண்டு சென்ட் குறைவு. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு சென்ட் யார் பூசையையும் கெடுத்ததில்லை.

"வெள்ளக்காரன் பன்னெண்டா வெட்டிட்டான்," என்றார் மூத்தார். "நம்ம முப்பாட்டன் இருபத்திரெண்டா வச்சிருந்தான். இருபத்திரெண்டு சுருதி. பதிமூணாவது சுருதி பஞ்சமம். நான் இதுல இருபத்திரெண்டும் சமமா வச்சிட்டன். வுவாலா!" கடைசி வார்த்தை பிரெஞ்சு, இதோ பார் என்று அர்த்தம்.

முப்பது வருடம் வெள்ளைக்காரன் கம்பெனியில் இருந்துவிட்டு, அந்த ஊர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, முப்பாட்டனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்திருந்தார். அந்தக் கீபோர்டில் ச-விலிருந்து மேல் ச-வுக்குப் போக இருபத்திரண்டு கட்டைகள் தாண்டவேண்டும். அடையாளத்துக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார், ச-வுக்குப் பச்சை, ப-வுக்குச் சிவப்பு. இரண்டையும் ஒரே கையில் அழுத்த விரல்களை முழுக்க விரிக்கவேண்டியிருந்தது. விரித்து அழுத்தினார்.

சத்தம் நடுங்கியது. பெரிதாக இல்லை. வயதான ஆள் டம்ளரைப் பிடிக்கிற மாதிரி.

"அசையுது மாமா," என்றேன்.

"இன்னா அசையுது?"

"பஞ்சமம். ஏறிக்கீது."

அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்காது. பிரான்சில் நின்றுகொண்டு இங்கே இருக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கும். போனை எடுத்து ஒரு செயலியைத் திறந்தார். அதையும் இருபத்திரண்டு பாகத்துக்கு மாற்றி வைத்திருந்தார். என்னை ப பாடச் சொல்லி வாய்க்கு முன்னால் நீட்டினார். சுரம் சரியாக இருந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. பாடினேன். சிவப்பு. மறுபடி பாடினேன். அதே சிவப்பு.

"ஏழு சென்ட்டு கொறைவு," என்றார் எல்லோரையும் பார்த்து. "தப்பா நெனச்சிக்காத. ஒனக்குக் காது போயிட்டிருக்குது."

பதினோரு பேர் முன்னால் சொன்னார். ரேஷன் கடைக்காரர் செருப்பைத் தேடினார்.

நான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன், பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன், எல்லாம் செய்தேன். ஆனால் உள்ளே பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஐம்பத்தோரு வயது. என் கண்ணெதிரே தினமும் பத்துப் பேர் அந்தப் பெட்டிக்குள் நல்ல காது என்று நினைத்துக்கொண்டு போய், வெளியே வரும்போது முகம் மாறி வருகிறார்கள். போகிறவருக்குத் தெரியாது, அதுதான் காது போவதின் லட்சணம். அன்று இரவு கைக்கடிகாரத்தை இடது காதில் வைத்துப் பார்த்தேன், வலது காதில் வைத்துப் பார்த்தேன்.

மூத்தார் அதோடு நிற்கவில்லை. கோயில் பேரவையில் அவரும் ஒரு உறுப்பினர். பெரிய வெள்ளிப் பாட்டை எடுக்கிறவர் காது கேட்கிறவராக இருக்கவேண்டும், மருத்துவமனையில்தானே வேலை, ஒரு சான்றிதழ் வாங்கி வரட்டும் என்று சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். சாமியார் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது.

என் கீழே வேலை பார்க்கும் பெண்ணையே எனக்குச் சோதனை செய்யச் சொன்னேன். நான் தினமும் கதவு சாத்துகிற பெட்டிக்குள் நான் உட்கார்ந்தேன். அவள் அனுப்பிய ஒலிக்கெல்லாம் பட்டனை அழுத்தினேன். தாளில் கோடு வந்தது. வலது காது நேராக ஓடியது. இடது காதில், நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரும் இடத்தில், கோடு சின்னதாக இறங்கி ஏறியிருந்தது. "வயசுக்கு இது சகஜம்மா, நார்மல்தான்," என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. மறைப்பவள் என்று அவர் சொல்லிவிடக்கூடாதே என்ற வீம்பு.

ஞாயிறு பூசை முடிந்து, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தும் அறையில் பேரவை கூடியது. மூத்தார் தாளை வாங்கினார், 'நார்மல்' என்று எழுதியிருந்த இடத்தைத் தாண்டிப்போய் கோட்டின் மேல் விரல் வைத்தார்.

"இங்க பாருங்க சாமி. பள்ளம்."

"அது நாலாயிரம் ஹெர்ட்ஸ் மாமா," என்றேன். "நாம பாடற பஞ்சமம் நானூறுகிட்ட. ரெண்டுக்கும் சம்பந்தமே கெடயாது."

"காது காதுதானேம்மா."

சாமியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரும்பு வயலின் வரைபடம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார். "இந்த வருஷம் ஒண்ணு ரெஸ்ட் எடுங்கம்மா," என்றார். "சாரே எடுக்கட்டும்."

என் வீட்டுக்காரர் அறையின் வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். வண்டியில் வரும்போது, "வுடு, அண்ணன் கெட்டதுக்கா சொல்லும்?" என்றார். எங்கள் தெரு வருவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தே வந்தேன். இரண்டு நாள் அவருக்கு என் கையால் காபி கிடையாது.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், சோதனைப் பெட்டிக்குள் நான் மட்டும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே சாத்தினால் நம் மூச்சே பெரிய சத்தமாக இருக்கும். போனில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி வைத்திருந்தேன். வேண்டிய அதிர்வெண்ணைப் போட்டால் அதே ஒலி வரும். ஆண்கள் பாடும் ஒரு கட்டை சுருதி ச-வை வைத்தேன். அதற்கு ஒன்றரை மடங்கில் ப-வை வைத்தேன். இரண்டும் பூசினாற்போல ஒட்டி நின்றன. பிறகு மூத்தாரின் ப-வை வைத்தேன், பதின்மூன்றாம் படி. உடனே நடுக்கம். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நொடிக்கு மூன்று. இடது காதை மூடி எண்ணினேன். மூன்று. வலது காதை மூடி, பள்ளம் விழுந்ததாக அவர் சொன்ன இடது காதால் மட்டும் எண்ணினேன். மூன்று.

அழுதேன். சந்தோஷமெல்லாம் இல்லை, ஆத்திரம். ஒரு மாதமாக ஒரு கேவலமான பயத்தை எனக்குள் ஊற்றி வைத்திருந்தாரே என்ற ஆத்திரம்.

பிறகு அலுவலகக் கணினியில் உட்கார்ந்து அவர் வேலையை நான் செய்தேன். கணக்கு பெரிய கணக்கு இல்லை. ஆயிரத்து இருநூறைப் படிகளின் எண்ணிக்கையால் வகுத்து, எந்தப் படி எழுநூற்று இரண்டுக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்கவேண்டும், ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பது படி போட்டால் ப ஏழு சென்ட் குறைவு. பதினேழு போட்டால் நாலு அதிகம். முப்பத்தொன்று போட்டால் ஐந்து குறைவு. படியைக் கூட்டினால் நெருங்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. இருபத்துநான்கு போட்டால் பழைய இரண்டு சென்ட் குறைவே அப்படியே திரும்பி வருகிறது, இருப்பதை இரண்டாக வெட்டியதற்குக் கூலி ஒன்றுமில்லை. நாற்பத்தொன்று நன்றாக நெருங்குகிறது. ஐம்பத்துமூன்று போட்டால் முப்பத்தோராம் படி ஜன்னலுக்கு நேரே போய் நிற்கிறது, பிழை ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் எத்தனை போட்டாலும் சமப்படி எதுவும் அச்சாக அந்த இடத்தில் உட்காரவே உட்காராது. எனக்கு அது பிடித்திருந்தது. சொன்ன பேச்சு கேட்காத ஒரு சுரம்.

இருபத்திரண்டு? ஏழு சென்ட் அதிகம். ஜன்னலைத் தாண்டிப் போய் நிற்கிறது. இரண்டு சென்ட் பொய் சொல்கிறது என்று ஒரு கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஏழு சென்ட் பொய் சொல்கிற கீபோர்டைக் கொண்டுவந்திருக்கிறார் அறிவாளி. முப்பாட்டன் இருபத்திரண்டு என்றுதான் சொன்னார். சமமாக வெட்டு என்று எப்போது சொன்னார்? அவர் காதால் கேட்டுக் கேட்டு, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வைத்ததை இவர் ரம்பம் போட்டு அறுத்துவிட்டார்.

கணக்கைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மூத்தார் ஊஞ்சலில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டினேன். படித்தார். படித்தது புரிந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டாவது முறை படிக்கவில்லை.

"ஏழு சென்ட்டெல்லாம் மனுஷன் காதுக்குக் கேக்காதும்மா," என்றார்.

"கேக்காதுன்னா என்னை இன்னாத்துக்கு வெளிய அனுப்பினீங்க? நானும் அதே ஏழு சென்ட்டுக்குத்தானே போனன்?"

ஊஞ்சல் நின்றது. பிறகு மறுபடி ஆடத் தொடங்கியது.

"கணக்கு வேற, சங்கீதம் வேற," என்றார். கீபோர்டைக் கொண்டுவந்த அன்று கணக்கை வைத்தே எங்கள் சங்கீதத்தைக் குறை சொன்னவர். "அம்பத்தி மூணு கட்ட வச்சா கீபோர்டு ஒரு ஸ்தாயியோட முடிஞ்சிரும். எவன் வாசிக்கிறது? இருபத்திரெண்டு பாரம்பரியம். வுடு."

அண்ணனும் தம்பியும் ஒரே வார்த்தையைத்தான் கற்றிருக்கிறார்கள்: வுடு. தாளை அங்கேயே ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு தவக்காலம் முழுக்க பாட்டுக்கு நான் வாய் திறக்கவில்லை. தவக்காலத்தில் வாத்தியத்தைச் சன்னமாகத்தான் வாசிப்பார்கள் என்பதால் அந்த நடுக்கம் பாட்டுக்கு அடியில் மறைந்து கிடந்தது. மூத்தார் தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார்.

பெரிய வெள்ளி வந்தது. மதியம் மூன்று மணிக்கே நல்ல வெயில். நான் குழுவின் இடத்தில் இல்லாமல் பெண்கள் பாயில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மரக்கட்டை தட்டினார்கள். பழைய கீபோர்டு, புதுக் கீபோர்டு, இரண்டின் மேலும் துணி போர்த்தியிருந்தது. மூத்தார் சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்று சிலுவைப் பாட்டை எடுத்தார். குரல் மோசமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

நாற்பது நாள் அந்தக் கீபோர்டோடு பழகிய குழு, கீபோர்டு இல்லை என்றதும் இரண்டே வரியில் பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஆண்கள் ச-வில் நின்றார்கள். பெண்கள் ப-வுக்கு ஏறினார்கள். ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னால் எண்ணூறு பேரும் அதே இடத்துக்கு வந்தார்கள், ஒருவருக்கும் யாரும் சொல்லித் தராமல்.

மூத்தார் போனை எடுத்துப் பார்த்தார். என்ன நிறம் என்று அவர் முகமே சொன்னது. பெண்களைப் பார்த்து விரலை மேலே காட்டினார். ஏத்து. பாவம், ஏற்றினார்கள். பெண்கள் ஏறியதும் ஆண்களுக்கு அசௌகரியமாகிவிட்டது; அவர்களும் ச-வைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்கள். மறுபடி ஒட்டிக்கொண்டது. மறுபடி போனைப் பார்த்தார், மறுபடி விரல். பெண்கள் ஏற, ஆண்கள் பின்னால் ஏற, ச-வே இடம் மாறிப்போனதால் போன் எதைக் கேட்டாலும் சிவப்பு காட்ட, அவர் விரலை இறக்கவே இல்லை. ஒரு கட்டை சுருதியில் தொடங்கிய பாட்டு ஐந்தாவது சரணத்தில் இரண்டரைக் கட்டைக்குப் போயிருந்தது. கரும்பு வெட்டுகிறவர் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். ரேஷன் கடைக்காரர் வாயை மட்டும் அசைத்தார்.

அதற்குப் பிறகுதான் சாமியார் திருச்சிலுவையைத் தூக்கிக் காட்டி மூன்று முறை பாடவேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட ஒரு சுரம் மேலே. குழு விட்டுவைத்த உயரத்திலிருந்து அவர் தொடங்கினார். முதல் முறை சமாளித்தார். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது முறை குரல் உடைந்து, பாதியிலேயே பேச்சாக மாறிவிட்டது. சிலுவையைத் தூக்கியபடியே அவர் ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். ஆண்டவர் சிலுவைக்கு முன்னால், மனசு நிறைய வன்மத்தோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், அரை மனசாக.

எங்கள் சாமியாருக்கு இரண்டு ஊர். அதனால் பாஸ்கா பூசை எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கே. தீ மூட்டி, மெழுகுவர்த்தி பிடித்து, வாசகமெல்லாம் முடிந்து, 'உன்னதங்களிலே' வந்தது. எல்லா விளக்கும் போட்டார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை இரண்டு நாள் தொடாத மணியைத் தொடர்ந்து அடித்தார். மூத்தார் துணியை உருவினார். மடுகரையிலிருந்து வாடகைக்கு வந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர். ஆர்கன் சத்தத்தை வைத்து, முழு வால்யூமில், பச்சைப் பொட்டையும் சிவப்புப் பொட்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

கோயிலே நடுங்கியது. நொடிக்கு மூன்று. இரண்டு நாள் வெறும் குரலைக் கேட்டுப் பழகிய எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி டியூப்லைட்டைப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது, வோல்டேஜ் அடிக்குதா?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

மணியடித்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை மணியை விட்டுவிட்டு ஸ்டெபிலைசருக்கு ஓடினார். அதைத் தட்டினார். நடுக்கம் போகவில்லை. மைக்செட்காரருக்குக் கை காட்டினார். அவர் வெளியே ஓடி ஜெனரேட்டரைப் போட்டார். விளக்கெல்லாம் அணைந்து எரிந்தது, ஃபேன் நின்று சுற்றியது, கீபோர்டும் ஒரு முறை செத்து உயிர்த்தது. உயிர்த்ததும் அதே நடுக்கம். "சார், ஆம்ப்ளிஃபயர் போயிருச்சா?" என்று ஒருவர் கத்தினார். மூத்தார் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அவருக்கும் கேட்டது. நாற்பது நாளும் கேட்டிருக்கிறது. கேட்டதை ஒப்புக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்.

"அத நிறுத்துங்க சார்," என்றார் சாமியார், மைக்கில்.

நின்றது. சாமியார் காத்திருந்தார். மூத்தார் ஒரு சுரத்தை முனகினார். குழுவில் ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை புண்ணான தொண்டையோடு எல்லோரும் தரையைப் பார்த்து நின்றார்கள். துணிக்கடைப் பெண் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

மூத்தார் கீபோர்டை விட்டு இறங்கி, ஆண்களைத் தாண்டி, பெண்கள் பாய்க்கு வந்தார். என் பக்கத்தில் குனிந்தார். வேறு யாருக்கும் கேட்காதபடி, வாயை அசைக்காமல், "ஏம்மா, நீயே எடு," என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "இன்னா மாமா?"

"நீயே வந்து எடுன்றன்."

"எடது காதுல பள்ளம் மாமா," என்றேன். "சத்தமா சொன்னாத்தான் கேக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். சுற்றி இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பீடத்தில் சாமியார் கையைக் கூப்பியபடி நின்றார். மூத்தார் மெதுவாக நிமிர்ந்தார். நிமிர்ந்து, பிரான்சுக்குப் போய் வந்த குரலில், "நீ வந்து பாடும்மா!" என்றார். கோயில் முழுக்கக் கேட்டது. ஆண்கள் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கும் கேட்டது.

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன். மூத்தார் ஒதுங்கி வழிவிட்டார்.

"இன்னொரு தபா சொல்லுங்க மாமா," என்றேன்.